மில்லில் இருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய முதலாளி... யார் இந்த ராபர்ட் ஓவன்?

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் நியூ லேனார்க் என்று ஒரு சின்ன கிராமம் இருக்கிறது. இன்று அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். வார இறுதியில் குடும்பத்தோடு வந்து சுற்றிப் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

1800-ம் ஆண்டு அந்த இடம் இப்படி இல்லை. அங்கிருந்த பஞ்சாலையில் சுமார் 500 ஆதரவற்ற பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். பலர் 6, 7, 8 வயசிலேயே அங்கு வந்து சேர்ந்தவர்கள். காலை 6 மணிக்கு மில்லுக்குள் போனால், வெளியே வர இரவு 7 மணி ஆகும்.

அடுத்த 16 வருஷத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. 10 வயசுக்குக் கீழே ஒரு பிள்ளைகூட மில்லில் இல்லை. அதே வளாகத்தில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. இப்போதுதான் நடக்கப் பழகிய குழந்தைகளுக்குக்கூட அங்கே இடம் இருந்தது. இதனால் மில் நஷ்டத்தில் மூழ்கவும் இல்லை. சொல்லப்போனால் அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

இதைச் செய்தவர் ராபர்ட் ஓவன். கூட்டுறவு இயக்கத்தின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் நாம் படித்த அதே ஓவன்தான். அந்த ஒரு வரியைத் தாண்டி அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. முக்கியமாக, குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிக்க அவர் எங்கிருந்து ஆரம்பித்தார் என்பது.

9 வயசில் முடிந்த பள்ளிப் படிப்பு

ஓவன் 1771-ம் ஆண்டு மே 14-ம் தேதி, வேல்ஸில் உள்ள நியூடவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் ஏழு பிள்ளைகள். இவர் ஆறாவது. அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். கூடவே இரும்பு சாமான் கடையும் வைத்திருந்தார்.

சின்ன வயசிலேயே ஓவன் படிப்பில் சூட்டிகை. 7 வயசில் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் 9 வயசோடு பள்ளிப் படிப்பு முடிந்துபோனது. முதலில் உள்ளூரில் ஒரு கடையில் வேலை. 10 வயசில் வீட்டை விட்டுக் கிளம்பி லண்டன் போனார். அங்கிருந்து ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பயிற்சிப் பையனாக அனுப்பப்பட்டார்.

ஒரு விஷயத்தில் அவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. ஸ்டாம்ஃபோர்டு முதலாளி நல்ல மனிதர். வீட்டில் நிறைய புத்தகங்கள் வைத்திருந்தார். வேலை முடிந்ததும் படிக்க ஓவனுக்கு நேரமும் கிடைத்தது. அடுத்து லண்டனில் சேர்ந்த கடை இதற்கு நேர் எதிர். வியாபாரம் சூடுபிடிக்கும் சீசனில், கடையைச் சாத்தி, துணிகளை அடுக்கி முடிக்க நள்ளிரவு தாண்டிவிடும். நின்று நின்று கால் மரத்துப்போகும். படிக்க நேரம் தரும் வேலை எப்படி இருக்கும், ஆளையே உறிஞ்சி எடுக்கும் வேலை எப்படி இருக்கும் என்று இரண்டையும் அவர் 16 வயசுக்குள் பார்த்துவிட்டார்.

பிறகு மான்செஸ்டர். அன்றைக்கு அது பஞ்சாலைகளின் தலைநகரம். அண்ணனிடம் 100 பவுண்டு கடன் வாங்கி, நூற்பு இயந்திரங்கள் செய்யும் தொழிலில் பார்ட்னராக இறங்கினார். அடுத்து சொந்தமாக ஒரு சின்ன நூற்புத் தொழில். 20 வயசை ஒட்டி, சுமார் 500 பேர் வேலை பார்த்த ஒரு பெரிய மில்லுக்கு மேனேஜர் ஆகிவிட்டார். இன்றைய ஸ்டார்ட்-அப் கதைகளுக்குக் கொஞ்சமும் குறையாத வேகம் இது.

மான்செஸ்டரில் அவருக்கு இன்னொரு பக்கமும் தெரிய வந்தது. அங்கு மில் பிள்ளைகளின் உடல்நிலையைக் கவனித்த டாக்டர்களும் அறிஞர்களும் சேர்ந்த சுகாதாரக் குழுவில் ஓவனும் இருந்தார். பிள்ளைகள் ஏன் சீக்கிரம் நோயில் விழுகிறார்கள், ஏன் வளர்ச்சி குன்றிப் போகிறார்கள் என்ற விவாதம் அங்கே நடந்துகொண்டிருந்தது.

மில்லுக்கு ஏன் குழந்தைகள் தேவைப்பட்டார்கள்?

அந்தக் காலத்து மில் எப்படி இயங்கியது என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் புரியும்.

ஆரம்பகால பஞ்சாலைகள் தண்ணீரின் வேகத்தில் ஓடின. அதனால் ஆறு வேகமாக விழும் இடங்களில், ஊரை விட்டுத் தள்ளியே அவற்றைக் கட்டினார்கள். அங்கு வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். நிலத்தில் வேலை பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கு, மணி அடித்தால் உள்ளே போய் மணி அடித்தால் வெளியே வரும் வேலை பிடிக்கவில்லை.

மறுபக்கம், நகரங்களில் ஆதரவற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் ஏழை நிவாரண நிர்வாகங்களுக்கு அந்தப் பிள்ளைகள் ஒரு செலவுக் கணக்கு. மில் முதலாளி கேட்டால் மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகு அனுப்புங்கள் என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சின்ன வயசிலேயே தள்ளிவிட்டால்தான் அவர்களுக்குச் செலவு மிச்சம்.

மில்லுக்குள் இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வேலைகள். அறுந்த நூலை ஓடிப்போய் முடிச்சுப் போடுவது ஒன்று. ஓடும் இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்துபோய் பஞ்சுக் கழிவைப் பொறுக்குவது இன்னொன்று. சின்ன உடம்பும் சின்ன விரல்களும் இருந்தால் இரண்டுக்கும் வசதி. சம்பளமோ மிகக் குறைவு, அல்லது சாப்பாடும் தங்குமிடமும் மட்டும்தான்.

நியூ லேனார்க் மில்லை 1780-களில் கட்டியவர் டேவிட் டேல். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அன்றைய மற்ற முதலாளிகளோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு, துணிமணி, தூங்க சுத்தமான இடம் எல்லாம் கொடுத்தார். இரவு 7 மணிக்கு மேல் பாடம் நடத்த ஆசிரியர்களையும் வைத்தார்.

சிக்கல் அந்த நேரத்தில்தான் இருந்தது. பகல் முழுக்க நின்று வேலை பார்த்த 7 வயசுப் பிள்ளைக்கு இரவில் எழுத்து எப்படி மண்டையில் ஏறும்? பலருக்குப் படிப்பே வரவில்லை. உடம்பும் சரியாக வளரவில்லை. 13 முதல் 15 வயசில் ஒப்பந்தம் முடிந்ததும், எந்த ஆதரவும் இல்லாமல் எடின்பர்க், கிளாஸ்கோ தெருக்களில் போய் நின்றார்கள். நல்ல மனசுள்ள முதலாளி இருந்தாலும், வேலைக்கு மேல் படிப்பை ஒட்டவைத்தால் அது ஒட்டாது என்பதை ஓவன் இங்கே கண்ணால் பார்த்தார்.

ஓவன் டேலின் மகள் கரோலினைச் சந்தித்தார். டேலிடம் மில்லை விலை பேசினார். 1799-ல் 60,000 பவுண்டுக்கு ஓவனும் அவருடைய பார்ட்னர்களும் மில்லை வாங்கினார்கள். அதே வருடம் செப்டம்பரில் கரோலினுடன் திருமணம். 1800 ஜனவரி 1-ம் தேதி மில் நிர்வாகம் ஓவனின் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயசு 28.

முதல் தடை: நம்பிக்கை

வந்ததும் ஓவன் எடுத்த முக்கியமான முடிவு, விடுதிகளில் இருந்து இனி ஆதரவற்ற பிள்ளைகளை எடுப்பதில்லை என்பது. வேலைக்குச் சேர குறைந்தபட்ச வயதையும் 10 ஆக உயர்த்தினார். பிள்ளைகளுக்குப் பதில் குடும்பங்களாக வந்து குடியேற வீடுகளைக் கட்டினார், பழைய வீடுகளைச் சீர்செய்தார்.

ஊர் மக்கள் கைதட்டி வரவேற்றிருப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. ஓவன் வேல்ஸ்காரர், ஸ்காட்லாந்துத் தொழிலாளர்களுக்கு வெளியாள். புது முதலாளி ஏதோ மாற்றுகிறார் என்றால், நம் வயிற்றில் அடிக்கத்தான் என்று சந்தேகப்பட்டார்கள். அவர் செய்த சில விஷயங்களும் எரிச்சலூட்டின. ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என நான்கு நிறங்கள் பூசிய ஒரு மரத்துண்டு தொங்கும். நேற்றைய வேலை எப்படி என்பதை முன்பக்கம் தெரியும் நிறம் சொல்லிவிடும். கறுப்பு என்றால் மோசம், வெள்ளை என்றால் பிரமாதம். வீடுகள் சுத்தமாக இருக்கின்றனவா என்று பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள். பெண்களுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

நம்பிக்கை வந்தது ஒரு நெருக்கடியில். அமெரிக்கா ஏற்றுமதிக்குத் தடை போட்டதால் பருத்தி விலை எகிறியது. பல மில்கள் ஆட்களை வெளியே அனுப்பின. ஓவனும் இயந்திரங்களை நிறுத்தினார். ஆனால் ஆட்களை நிறுத்தவில்லை. இயந்திரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருங்கள், அது போதும் என்றார். நான்கு மாதம் முழுச் சம்பளம் கொடுத்தார். அதற்கு ஆன செலவு 7,000 பவுண்டுக்கும் மேல்.

அதன் பிறகுதான் மக்கள் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

குடும்பத்தின் கணக்கை மாற்றியவர்

ஓவனின் கதையில் இன்றைக்கும் உதவுகிற பகுதி இதுதான்.

ஒரு ஏழைக் குடும்பம் பிள்ளையை ஏன் வேலைக்கு அனுப்புகிறது? பாசம் இல்லாமல் இல்லை. பிள்ளை கொண்டுவரும் காசு சின்னதாக இருக்கலாம். ஆனால் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தாலும், கடைக்காரர் பாக்கி கேட்டாலும், வேலை நின்றுபோனாலும் கைகொடுப்பது அந்தச் சின்னக் காசுதான். அதைப் பிடுங்கிவிட்டு, பள்ளிக்கு அனுப்பு என்று மட்டும் சொன்னால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

ஓவன் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தார்.

முதலில் மளிகைக் கடை. அந்தக் காலத்தில் மில் ஊர்களில் தனியார் கடைகள் மட்டமான சரக்கை அதிக விலைக்குக் கடனில் விற்றன. சம்பளம் வாங்கிய கையோடு கடன் அடைக்கவே சரியாகப் போய்விடும். ஓவன் மொத்த விலையில் நல்ல சரக்கை வாங்கி, அடக்க விலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து விற்கும் கடையைத் திறந்தார். அதே சம்பளத்தில் வீட்டுக்கு வரும் பொருள் கூடியது. கடையில் கிடைத்த லாபம் எங்கே போனது தெரியுமா? பள்ளிக்கூடச் செலவுக்கு.

அடுத்து மருத்துவம். ஒவ்வொருவரும் சம்பளத்தில் 60-ல் ஒரு பங்கை ஒரு பொது நிதியில் போட்டார்கள். நோய், விபத்து, முதுமை என்று வந்தால் அந்த நிதியில் இருந்து உதவி கிடைக்கும். இன்று சம்பளத்தில் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த ஐடியா. இதோடு ஒரு சேமிப்பு வங்கியும் இருந்தது.

மூன்றாவது, கைக்குழந்தைகள். அம்மா மில்லுக்குப் போனால் வீட்டில் இருக்கும் குட்டிப் பாப்பாவை யார் பார்ப்பது? பெரும்பாலும் அக்காவோ அண்ணனோதான். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் அதுவும் ஒரு பிள்ளை பார்க்கும் வேலைதான். ஓவன் குழந்தைகளுக்கு என்றே ஒரு பள்ளியைத் திறந்தார். நடக்கத் தெரிந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். அம்மா நிம்மதியாகச் சம்பாதிக்கலாம். நம் ஊர் அங்கன்வாடி, ஐ.டி. கம்பெனிகளில் இருக்கும் கிரெச் எல்லாவற்றுக்கும் முன்னோடி இது.

நான்காவது, பள்ளிச் செலவு. பெற்றோருக்குப் பாரம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. 5 முதல் 10 வயசு வரை பிள்ளை படித்துக்கொண்டே இருக்கலாம்.

இந்த நான்கும் சேர்ந்த பிறகு, 10 வயசுக்குக் கீழே வேலை கிடையாது என்ற விதியைக் குடும்பங்களால் தாங்க முடிந்தது. வெறும் தடையாக இருந்திருந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து மில்லுக்குப் போயிருப்பார்கள். அங்கே 6 வயசுப் பிள்ளையை எடுக்க ஆள் காத்திருந்தது.

அடி இல்லாத பள்ளிக்கூடம்

1816 ஜனவரி 1-ம் தேதி, நியூ லேனார்க்கில் ஓவன் ஒரு புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார். குணத்தை உருவாக்கும் நிலையம் என்பது அதன் பெயர். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி. மாலையில் வேலை முடித்து வரும் இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் வகுப்பு, இசை, நடனம்.

அங்கே ஆசிரியர்களுக்கு இரண்டு கண்டிப்பான விதிகள். பிள்ளையை அடிக்கக் கூடாது. கடுமையான வார்த்தை பேசக் கூடாது. பிரம்பு இல்லாத பள்ளியை யாரும் யோசித்துக்கூடப் பார்க்காத காலம் அது. குட்டிக் குழந்தைகளுக்கு முதல் ஆசிரியராக ஓவன் தேர்ந்தெடுத்தது, பெரிய படிப்பு படித்த ஒருவரை அல்ல. ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளி. பிள்ளைகள் மேல் அவருக்கு இருந்த பிரியமும் பொறுமையும்தான் தகுதி. அவருக்குத் துணையாக மோலி யங் என்ற இளம்பெண்.

சுவரில் விலங்குகள், செடிகளின் பெரிய படங்கள். வரைபடங்கள். வெளியே விளையாட இடம். பாட்டு, ஆட்டம். சின்ன வயசிலேயே புத்தகத்தைத் திணிக்க வேண்டாம், பிள்ளை கேள்வி கேட்கட்டும் என்பது ஓவனின் கட்சி. பள்ளி பிடித்துப்போனால் பிள்ளையே பள்ளிக்கு ஓடிவரும் என்று அவர் நம்பினார்.

பெரியவர்களின் வேலை நேரத்தையும் குறைத்தார். மற்ற மில்களில் 13, 14 மணி நேரம் ஓடியபோது, நியூ லேனார்க்கில் சாப்பாட்டு இடைவேளை போக 10 மணி 45 நிமிடம்தான் வேலை.

பார்ட்னர்களுக்கு இதெல்லாம் வீண் செலவாகத் தெரிந்தது. ஓவன் இரண்டு முறை பார்ட்னர்களை மாற்ற வேண்டியிருந்தது. முதல் முறை மில் 84,000 பவுண்டுக்குக் கைமாறியது. 1813-ல் ஏலத்துக்கு வந்தபோது, ஓவனும் புதிய பார்ட்னர்களும் 1,14,100 பவுண்டு கொடுத்து எடுத்தார்கள். அந்தப் புதிய பார்ட்னர்களில் ஒருவர் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம். முதலீட்டுக்கு 5 சதவீத வருமானம் போதும், மிச்சத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவு செய்யலாம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

மற்ற முதலாளிகளிடம் ஓவன் பேசியபோது தர்மத்தை மட்டும் பேசவில்லை. இரும்பு இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பத்திரமாக வைக்கிறீர்கள். உயிருள்ள மனிதனுக்கும் அதே கவனம் கொடுத்தால் லாபம் கூடத்தானே செய்யும் என்று வியாபார மொழியிலேயே கேட்டார். நியூ லேனார்க்கைப் பார்க்க உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வந்தார்கள். பின்னாளில் ரஷ்யாவின் ஜார் மன்னரான முதலாம் நிக்கோலஸும் அவர்களில் ஒருவர்.

நாடாளுமன்றத்தில் நடந்தது என்ன?

ஒரு கிராமத்தில் மாற்றிவிட்டோம். நாடு முழுக்க என்ன செய்வது? 1815-ல் கிளாஸ்கோவில் மில் முதலாளிகள் கூட்டம் ஒன்றை ஓவன் கூட்டினார். இரண்டு கோரிக்கைகளை வைத்தார். பருத்தி இறக்குமதி வரியை ரத்து செய்ய அரசிடம் கேட்போம் என்பது முதலாவது. அரங்கமே ஆதரித்தது. மில்களில் பிள்ளைகளின் வேலையைக் கட்டுப்படுத்த சட்டம் கேட்போம் என்பது இரண்டாவது. ஆதரிக்க ஒருவர்கூட இல்லை.

ஓவன் லண்டனுக்குப் போனார். அவருடைய வரைவில் இருந்தவை இவை: 10 வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு எடுக்கக் கூடாது. 10 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான் வேலை. எழுத, படிக்க, கணக்குப் போடத் தெரிந்த பிறகே வேலைக்குச் சேர்க்க வேண்டும். படிப்பை வேலைக்கு முன்நிபந்தனையாக வைத்ததுதான் இதில் பெரிய விஷயம்.

மசோதாவை முன்னெடுத்தவர் மூத்த ராபர்ட் பீல். அவரும் மில் முதலாளிதான். 1802-ல் விடுதிப் பிள்ளைகளின் வேலை நேரத்தை 12 மணியாகக் குறைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தவர். பெற்றோருடன் வசிக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பல மில்கள் அந்த ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்டன.

ஆதாரம் திரட்ட, ஓவன் தன் மூத்த மகனையும் கூட்டிக்கொண்டு நாடு முழுக்க மில் மில்லாக ஏறி இறங்கினார். 1816-ல் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். எதிர்த் தரப்பின் வாதங்கள் இன்றும் கேட்கிறவைதான். ஏழைக் குடும்பத்துக்கு வருமானம் போய்விடும். வேலை இல்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள். வெளிநாட்டுப் போட்டியில் தொழில் நசிந்துவிடும். ஓவன் தன் மில்லின் அனுபவத்தையே பதிலாக வைத்தார். அவர் மேல் பழி போட ஏதாவது கிடைக்குமா என்று நியூ லேனார்க் பக்கம் ஆள் அனுப்பித் தேடியதும் நடந்தது.

நான்கு வருட இழுபறிக்குப் பிறகு 1819-ல் சட்டம் வந்தது. ஆனால் ஓவன் கேட்டதில் பாதிகூட அதில் இல்லை. பஞ்சாலைகளுக்கு மட்டும் பொருந்தும். வயது வரம்பு 9. 9 முதல் 16 வயது வரை 12 மணி நேர வேலை. படிப்பு நிபந்தனை கிடையாது. சோதிக்க இன்ஸ்பெக்டரும் கிடையாது. ஏட்டில் மட்டுமே இருந்த சட்டம் அது. மனம் நொந்த ஓவன் அதற்கு முன்பே அந்த முயற்சியில் இருந்து விலகிவிட்டார்.

1833-ல் வந்த அடுத்த சட்டம் கொஞ்சம் பல் உள்ளது. 9 முதல் 13 வயது வரை வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, தினமும் 2 மணி நேரம் பள்ளி கட்டாயம், கண்காணிக்க நாடு முழுக்க 4 இன்ஸ்பெக்டர்கள். இதிலும் கோல்மால் நடந்தது. அப்போது இங்கிலாந்தில் பிறப்புப் பதிவு முறையே தொடங்கவில்லை என்பதால், பிள்ளையின் வயதை யாரும் நிரூபிக்க முடியாது. பள்ளிச் சான்றிதழில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்ட ஆசிரியர்களை இன்ஸ்பெக்டர்கள் கண்டுபிடித்தார்கள். ஆசிரியருக்கே எழுதத் தெரியாது! சட்டத்தில் பள்ளி இருந்தது; ஊரில் பள்ளி இல்லை. 1880-ல் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்வி கட்டாயமானது. 1891-ல் பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகளில் கட்டணம் ஒழிந்தது. அதன் பிறகே நிலைமை நிஜமாக மாறத் தொடங்கியது.

சறுக்கல்களும் உண்டு

ஓவனின் வாழ்க்கையை வெற்றிக்கதையாக மட்டும் சொன்னால் அது பாதி உண்மை.

10 வயசு ஆனதும் நியூ லேனார்க்கிலும் பிள்ளைகள் மில்லுக்குள் போனார்கள். 10 மணி 45 நிமிட வேலை அவர்களுக்கும் உண்டு. ஊரை எப்படி நடத்துவது என்பதை முடிவு செய்ததும் முதலாளிதான். மக்களுக்கு நல்லது செய்தார்; ஆனால் மக்களைக் கேட்டுச் செய்தாரா என்றால், பெரும்பாலும் இல்லை.

1817-ல் லண்டனில் மதங்களை வெளிப்படையாக விமர்சித்துப் பேசினார். அதுவரை ஆதரித்த பெரிய மனிதர்கள் பலர் விலகினார்கள். பள்ளியில் ஆட்டமும் பாட்டும் எதற்கு, மதப் போதனை எங்கே என்று அவருடைய பார்ட்னர்களில் ஒருவரான வில்லியம் ஆலன் தொடர்ந்து நெருக்கினார். 1820-களின் நடுவில் நியூ லேனார்க் நிர்வாகத்தில் இருந்து ஓவன் விலகினார்.

அடுத்து அமெரிக்கா. 1825-ல் இண்டியானா மாகாணத்தில் ஒரு கிராமத்தையே விலைக்கு வாங்கி, நியூ ஹார்மனி என்ற சமத்துவக் குடியிருப்பை ஆரம்பித்தார். உள்ளே சண்டை, குழப்பம். இரண்டே வருஷத்தில் அது உடைந்தது. சொத்தில் பெரும்பகுதி அதோடு போனது.

இங்கிலாந்து திரும்பிய ஓவன் தொழிற்சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் பக்கம் போனார். 1844-ல் ராச்டேல் நகரில் நெசவாளர்களும் மற்ற தொழிலாளர்களும் சேர்ந்து திறந்த கூட்டுறவுக் கடைக்கு அவருடைய கருத்துகள் ஒரு முக்கியத் தூண்டுதல். நம் ஊர் கூட்டுறவுப் பண்டக சாலைகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1858 நவம்பர் 17-ம் தேதி, பிறந்த ஊரான நியூடவுனிலேயே, 87 வயதில் ஓவன் காலமானார்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

பிரிட்டனின் தொழிற்சாலைச் சட்டங்கள் காலனி ஆட்சியின் வழியே இங்கேயும் வந்தன. 1881-ல் வந்த இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 7 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை வேலைக்கு எடுக்கத் தடை விதித்தது. 7 முதல் 12 வயது வரை 9 மணி நேர வேலை. பம்பாய் மில்களின் மலிவான நூல் தங்களுக்குப் போட்டி ஆகிவிடுமோ என்ற லங்காஷயர் முதலாளிகளின் பயமும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. 1891-ல் வயது வரம்பு 9 ஆனது. பள்ளியும் குடும்ப உதவியும் அந்தப் பேச்சில் இடம்பெறவே இல்லை.

தமிழ்நாட்டில் வேறு ஒரு வழியும் உருவானது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. 1950-களில் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் முழுக்கப் பரவியது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, மாமாவின் துணிக்கடையில் நின்றவர் காமராஜர். 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். 2022-ல் காலை உணவுத் திட்டம். இலவசப் புத்தகம், சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் இதே வரிசையில் வருபவை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்கு என்ன செலவு, என்ன மிச்சம் என்ற கணக்கை மாற்றும் ஏற்பாடுகள். ஓவன் தன் மில்லில் செய்ததை ஒரு அரசு செய்தால் இப்படித்தான் இருக்கும்.

இன்றைய நிலை

ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃப்பும் 2025-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் இன்னும் சுமார் 13.8 கோடி குழந்தைகள் உழைக்கிறார்கள். அவர்களில் சுமார் 5.4 கோடி பேர் ஆபத்தான வேலைகளில். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 முதல் 14 வயதுக்குள் வேலை பார்த்தவர்கள் சுமார் 1 கோடி பேர்.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயசுக்குக் கீழ் எந்தத் தொழிலிலும் பிள்ளைகளை அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வயது வரை ஆபத்தான தொழில்களுக்குத் தடை. பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு இருக்கிறது. அந்த விலக்குதான் கவலை. வீட்டுக்குள் நடக்கும் வேலையை எந்த இன்ஸ்பெக்டர் போய் எண்ணுவார்? பள்ளி முடிந்து இரவு வரை வேலை பார்த்த பிள்ளை மறுநாள் வகுப்பில் என்ன கேட்கும்? 200 வருஷத்துக்கு முன்பு டேவிட் டேலின் இரவுப் பள்ளியில் தூங்கி விழுந்த பிள்ளைகளின் பிரச்சினையும் இதேதான்.

ரெய்டு நடத்திப் பிள்ளைகளை மீட்பது அவசியம். ஆனால் அப்பாவின் கடன், அம்மாவின் நோய், வீட்டில் இருக்கும் கைக்குழந்தை ஆகியவற்றுக்கு வழி செய்யாவிட்டால், மீட்கப்பட்ட பிள்ளை வேறு ஊரில் வேறு பட்டறைக்குப் போய்விடும். உதவித்தொகை, விடுதி, ரேஷன், மருத்துவக் காப்பீடு, சிறப்புப் பயிற்சி வகுப்பு எல்லாம் மீட்புக்குப் பிறகு அதே வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும். மீட்ட எண்ணிக்கையோடு, ஆறு மாதம் கழித்தும் பள்ளியில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் கேட்க வேண்டியது அதனால்தான்.

நீங்கள் டீ குடிக்கும் கடையிலோ, வண்டி விடும் பட்டறையிலோ, குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டிலோ ஒரு பிள்ளை வேலை பார்ப்பதைக் கண்டால், 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது. 24 மணி நேரமும் இயங்கும். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு என்ன உதவி கிடைக்கும் என்றும் அதே அழைப்பில் கேட்டுப் பாருங்கள்.